கூட்டினால் எட்டு

எங்கள் அப்பாவுக்கு எட்டு என்றால் ஆகாது. பழைய பைக் ஒன்றை விலை பேசி முடித்தவர், நம்பரைக் கூட்டிப் பார்த்துவிட்டு டவுன் பஸ்ஸிலேயே இராஜபாளையம் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு யார் எந்த எண்ணைக் கொண்டுவந்தாலும் எங்கள் வீட்டில் முதலில் கூட்டல்தான்.

அத்தைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. மிஷின் பழுதுபார்க்கும் மெக்கானிக். அத்தை வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனிக்கும் வந்து போவாராம். ஜாதகம் பொருந்திவிட்டது. தரகர் கொடுத்த சீட்டில் அவருடைய செல் நம்பர் இருந்தது.

அப்பா சீட்டை என்னிடம் நீட்டினார். "ஏட்டி, இதைக் கூட்டி வை. குளிச்சிட்டு வாரேன்."

நான் அப்போது ஆறாம் வகுப்பு. கணக்கில் புலி என்று வீட்டில் பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பத்து இலக்கத்தையும் கூட்டினேன். நாற்பத்து நான்கு. நாலும் நாலும் எட்டு.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தை ஈரக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எம்புட்டுட்டி வருது?"

"எட்டு."

"ஒழுங்காப் பாரு. நான் சொல்லுதேன், நீ கூட்டு." சீட்டைப் பார்க்காமலே பத்து இலக்கத்தையும் கடகடவென்று ஒப்பித்தாள். அத்தைக்கு என்ன ஞாபகசக்தி என்று அசந்துபோனேன். ஒன்பதை அடித்தேன். நாலும் அஞ்சும் ஒன்பது, அதையும் அடித்தேன். அடித்தாலும் முடிவு மாறாது என்று அவளுக்கு விளக்கம் வேறு சொன்னேன். எட்டுதான் மிஞ்சியது.

"எங்கயாவது ஒண்ணு விட்டுப்போயிருக்கும்ட்டி. ஒம்போதுன்னு வராதா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முழு எண்ணையும் ஒன்பதால் வகுத்தேன். நோட்டில் பாதிப் பக்கம் போனது. மீதி எட்டு.

"பாத்தீங்களா அத்தை, எப்படிப் போட்டாலும் எட்டுதான்!"

குளித்துவிட்டு வந்த அப்பாவிடம் மூன்று வழிகளையும் சத்தமாக விளக்கினேன். சிம்மை மாற்றச் சொல்லலாமே என்று அம்மா இழுத்தாள்.

"சிம்மை மாத்தலாம். ராசியை மாத்த ஏலுமா?" என்றார் அப்பா. சீட்டு தரகரிடமே திரும்பிப் போனது. அத்தை மிச்சத் துணியை உதறிக் காயப்போட்டாள்.

மறுநாள் எனக்குத் தலைபின்னும்போது, "நீ கெட்டிக்காரிட்டி" என்று கன்னத்தைத் தடவினாள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பிறகு அத்தையைச் சுந்தரபாண்டியத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாமா தங்கமான மனிதர். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். இன்றும் என்னைப் பார்த்தால் முதலில் கன்னத்தைத்தான் தடவுவாள். எனக்குத்தான் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடிவதில்லை. அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அவள் கேட்டது ஒரே ஒரு தப்பு. அதைச் செய்துகொடுக்க எனக்குத் தெரியவில்லை.