முதல் வரியில் ஒரு புள்ளி

தொண்ணூறுகளில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் நான் கம்ப்யூட்டர் ஆள். ஈமெயில் என்றால் அப்போது கருப்புத் திரையில் கட்டளை தட்டி அனுப்புகிற சமாச்சாரம். எங்கள் யூனிக்ஸ் இயந்திரம் மோடம் வழியாக மதுரைக்குப் போன் போட்டுக் கடிதங்களைத் தள்ளிவிடும். 'டெலக்ஸைத் தூக்கிப் போடுங்கள்' என்று முதலாளியிடம் வாய் கிழியப் பேசி அதை வாங்க வைத்த மேதாவி நான்தான்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் நூல் விலை கேட்டிருந்தார். மேனேஜர் அனுப்பிய பதில் வெற்றுக் கடிதமாகப் போய்ச் சேர்ந்தது. தலைப்பு இருக்கிறது, உள்ளே ஓர் எழுத்து இல்லை. இரண்டாவதும் அப்படியே. 'இனியும் விலை வராவிட்டால் வேறு ஆலையைப் பார்த்துக்கொள்கிறோம்' என்று வாடிக்கையாளர் எழுதிவிட்டார்.

நான் அனுப்பிப் பார்த்தால் முழுதாகப் போய்த் தொலைக்கிறது. நான்கு நாள் மோடத்தைத் திட்டினேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போய்க் கத்தினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் மடியில் தலையணை தடிமனில் மேனுவல். பக்கத்து சீட்காரர், "என்ன சார், அரியர்ஸா?" என்றார். அவரைக் கடித்து வைக்காதது என் வளர்ப்பு.

விலை ரகசியம் என்பதால் மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டுதான் டைப் அடிப்பார். ஐந்தாம் நாள் பொறுமை போயிற்று.

"அண்ணாச்சி, இன்னைக்கு உங்க பின்னாலயே நிக்கப் போறேன்."

"நில்லு தம்பி. பேப்பர மட்டும் பாக்காத."

முகவரி அடித்தார். தலைப்பு அடித்தார். அடுத்த வரியில் ஒரே ஒரு புள்ளி வைத்து என்டரைத் தட்டினார். 'உள்ளே ஒன்றுமில்லையே, பரவாயில்லையா?' என்று இயந்திரம் ஆங்கிலத்தில் விசாரித்துவிட்டு, அந்த ஒன்றுமில்லாததை அனுப்பிவைத்தது. அவர் பார்க்கவில்லை. டைப்ரைட்டிங் ஹையர் முதல் வகுப்பு. கண் தாளை விட்டு எழாது. முப்பது வரி அடித்தார். ஒவ்வொரு வரியையும் கட்டளையென்று எடுத்துக்கொண்டு 'அப்படியொரு கட்டளை இல்லை' என்று திரை கதறியது. கடைசியில், கடிதத்தை முடித்து அனுப்ப நான் கற்றுத்தந்தபடி கண்ட்ரோலையும் டி-யையும் சேர்த்து அழுத்தினார். இயந்திரம் அவரை வெளியேற்றிவிட்டது.

"போயிருச்சு" என்றார் நிம்மதியாக.

"அந்தப் புள்ளி என்னத்துக்கு அண்ணாச்சி?"

"இந்த மிசின்ல பிள்ளையார் சுழி போட வழியிருக்கா? புள்ளியாவது வைக்கணும்லா! சுழி போடாம நான் ஒரு கடுதாசி எழுதுனதில்ல."

தனி வரியில் புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது என்று அர்த்தம். அப்படி அர்த்தம் கொள்ளச் சொல்லி, எல்லாருக்கும் பொதுவான அமைப்புக் கோப்பில் எழுதி வைத்த முட்டாள் நான். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தச் சோம்பல். யாரிடமும் சொல்லவும் இல்லை. நான்கு நாளும் அந்தக் கோப்பைத் திறந்து திறந்து பார்த்தேன். நான் எழுதிய வரி என்பதால் அதன்மேல் சந்தேகமே வரவில்லை.

வரியை அழித்தேன். மறுபடி அடித்தார், புள்ளியோடு. முழுதாகப் போனது.

மறுநாள் பதில் வந்தது: மூன்றாவது வெற்றுக் கடிதத்தைக் கண்டதுமே ஆர்டரை வேறு ஆலைக்குக் கொடுத்துவிட்டார்களாம். நான் வாய் பிளந்து பின்னால் நின்றபோது போன கடிதம் அது.

"கோளாறு எங்கய்யா இருந்துச்சு?" என்றார் முதலாளி.

"நான் வச்ச புள்ளிதான் மொதலாளி" என்றார் மேனேஜர், கையைக் கட்டிக்கொண்டு.

கோப்பைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் டீ வந்தது. குடித்தேன்.