பை தயார்னு சொன்ன நாள்

ஜிப்பு அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. பல் போன ஜிப்பு, இழுக்கிற ரன்னர் கழன்ற ஜிப்பு, பாதி வழியில் பிடிவாதம் பிடித்து நின்றுவிடும் ஜிப்பு, எதைக் கொண்டு போனாலும் சரியாக்கித் தந்துவிடுவாள். அதனால் தெருவில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் ஜிப்பு அக்காதான்.

ஆள் நல்ல உயரம். கடையோ மாடிப்படிக்கு அடியில். இந்த இரண்டையும் யார் சேர்த்து வைத்தார்களோ தெரியாது. தையல் மெஷினை உயரமான பக்கம் போட்டு, தைத்து முடித்த பைகளைச் சரிவான பக்கம் அடுக்கியிருந்தாள். பை எடுக்கப் போனால் குனிய வேண்டும், எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால் மண்டையில் இடிக்கும். மேலே யாராவது ஏறினால் தூசி தலையில் கொட்டும். கொட்டுகிற தூசியை வைத்தே இன்னார் வீட்டுக்குப் போகிறார் என்று சொல்லிவிடுவாள். அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். அவர் நாளெல்லாம் உட்கார்ந்து தேய்ந்தார், இவள் நாளெல்லாம் குனிந்து தேய்ந்தாள். சாயங்காலம் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சுவரில் முதுகைச் சாய்த்து, "முதல்ல யாருக்குத் தைலம்?" என்று போட்டி போடுவார்கள்.

பக்கத்து அறையில் சாவி செய்கிறவர் கடை வைத்திருந்தார். அவர் கடையைக் காலி செய்துவிட்டு மகன் இருக்கும் ஊருக்கே போகப்போகிறார் என்று தெரிந்ததும் ஜிப்பு அக்கா அந்த அறைக்குள் ஒருமுறை போனாள். நின்றாள். நிமிர்ந்தாள். இரண்டு கையையும் மேலே தூக்கிச் சோம்பல் முறித்தாள், கூரை எட்டவில்லை. பறந்துவிடப் போகிறாயா என்று சாவிக்காரர் கேட்டாராம். அன்றைக்கே அந்த அறை அவள் மனசுக்குள் குடியேறிவிட்டது.

கட்டடக்கார அம்மா, வாங்குவதானால் உனக்குத்தான் முதலில், ஆனால் ரொம்ப நாள் காத்திருக்க மாட்டேன் என்றாள். கடன் கேட்கப் போனால், பேங்க் அதிகாரி போன வருஷ வருமானவரிக் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஜிப்பு தைக்கிற வருமானத்துக்கு இவ்வளவு கடன் தர முடியாது, பாதிப் பணம் கையிலிருந்தால் யோசிக்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

பாதிப் பணம் இருந்தது. கையில் இல்லை, போனில். அது வந்த கதை வேறு. ரன்னரை எப்படி மாட்டுவது என்று ஆளாளுக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒருநாள் போனை நூல்பெட்டி மேல் சாய்த்து வைத்து, முள்கரண்டியில் ரன்னரைக் குத்தி நிறுத்தி, இரண்டு ஓரத்தையும் அதற்குள் செலுத்துவதை வீடியோ எடுத்துப் போட்டாள். முகம் கிடையாது, கை மட்டும். இனிமேல் கேட்கிறவர்களுக்கு இதைக் காட்டிவிடலாம் என்றுதான் போட்டாள். எங்கெங்கோ இருக்கிறவர்களெல்லாம் பார்க்க ஆரம்பித்தார்கள். வீடியோ தளக்காரர்கள் விளம்பரத்தில் வரும் பங்கை அவள் கணக்கில் சேர்த்தார்கள். அவளும் விடாமல் எடுத்துப் போட்டாள். போனைத் திறந்தால் தொகையும், பக்கத்தில் 'எடுத்துக்கொள்ளலாம்' என்று ஒரு பச்சைப் பொத்தானும். அவள் தொடவேயில்லை.

தொடாததற்குக் காரணம் நாத்தனார். "எடுத்தாத்தான் அண்ணி வருமானம். எடுக்காத வரைக்கும் அது சும்மா நம்பர். வரி வருஷம் முடியட்டும், அப்புறம் அமுக்குங்க, இந்த வருஷம் ஒரு பைசா வரி கிடையாது" என்று ஓதியிருந்தாள். நாத்தனார் சொன்னதில் ஜிப்பு அக்கா ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

வரி வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு கணக்கர் தம்பி தன் தோல்பையை வாங்க வந்தான். மழைக்கு முன்னால் கொடுத்த பை. தயார் என்று போனில் சொல்லியும் மாசக்கணக்காக எட்டிப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தால் பையின் மேல் பூஞ்சை. அவன் மூக்கைச் சுளித்து, நான் இன்னும் கையில் வாங்கவே இல்லையே, அதுவரைக்கும் இது உங்கள் பொறுப்புதானே, கூலியில் குறைத்துக்கொள்ளுங்கள் என்றான்.

யாரிடம் போய் என்ன பேச்சு. ஜிப்பு அக்கா ஊசியை மெஷினில் நிறுத்தினாள்.

"இங்க பாருங்க தம்பி. தயார்னு நான் சொல்லிட்டேன். கடை திறந்துதான் இருந்துச்சு. வந்து எடுக்க உங்களை யாரும் தடுக்கலை. எடுக்காதது உங்க இஷ்டம். பை அன்னைக்கே உங்களுது, அதுல பூத்த பூஞ்சையும் உங்களுது."

எல்லாருக்கும் சொல்வதுதான். இருபது வருஷமாக அந்தச் சட்டத்தில்தான் கடை நடந்தது. கணக்கர் முழுக் கூலியும் கொடுத்தான். அவன் வரிக் கணக்கு எழுதுகிறவன் என்பது ஞாபகம் வந்ததும் ஜிப்பு அக்கா சரிவுப் பக்கமாகக் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். அவளுக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாளாம், அவளுக்கு இப்படி இப்படிப் பணம் சேர்ந்திருக்கிறதாம், எடுக்கவே இல்லையாம், அது எந்த வருஷத்து வருமானம் என்று கேட்டாள்.

கணக்கர் நூல்பெட்டியில் சாய்ந்திருந்த போனைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். "எடுத்துக்கலாம்னு அவங்க அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டாங்களா அக்கா?"

"சொல்லி மாசக்கணக்காச்சு."

"எடுக்க விடாம யாராவது தடுத்தாங்களா?"

"இல்லையே."

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "அப்ப, சொன்ன அன்னைக்கே அது அந்தப் பொண்ணோடது. அதுல பூத்த வரியும் அந்தப் பொண்ணோடது."

ஜிப்பு அக்கா விருட்டென்று நிமிர்ந்தாள். மண்டையில் இடித்தது. பை வேறு பணம் வேறு என்று வாதாடினாள். கடைசி மாசத்துத் தொகை இன்னும் சரிபார்ப்பில் இருக்கிறதே, அதுவுமா என்று மடக்கினாள். அது இன்னும் மெஷினில் இருக்கிற பை, தயாரானதும் அடுத்த வருஷத்தில் சேரும், தயாரானது மட்டும் இந்த வருஷம் என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

வீட்டில் நாத்தனார் விடுவாளா? "போனுக்குள்ள இருக்கிறதை யார் அண்ணி எட்டிப் பார்க்கப் போறா?" என்றாள். ஜிப்பு அக்காவுக்கும் அதுதான் நல்ல பேச்சாகப் பட்டது. வரி கட்டினால் பாதிப் பணம் பாதியாக நிற்காது, குறையும். குறைந்தால் அறை போச்சு. வரிக் கணக்கில் அதை எழுதுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். வீட்டுக்காரர் தைலப் புட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

மறுநாள் காலையில் ஒரு பெட்டிக்காரர் வந்தார். பயணப்பெட்டியை எப்போதோ கொடுத்தவர். சக்கரத்தை எலி கடித்திருக்கிறதே என்று இழுத்தார். ஜிப்பு அக்கா வாயைத் திறந்தாள், வழக்கமான வசனத்தைச் சொல்ல. தயார்னு சொன்ன அன்னைக்கே... அங்கேயே வசனம் சிக்கிக்கொண்டது. பாதி வழியில் நிற்கும் ஜிப்பு மாதிரி, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அவள் திரும்பி அலமாரியைப் பார்த்தாள். யாரும் வாங்காத பைகள் சரிவு முழுக்க அடுக்கியிருந்தன. அந்தச் சட்டத்தை விட்டுவிட்டால் அத்தனை பூஞ்சையும் எலியும் அவள் தலையில். அதைவிட, தனக்கு ஒரு சட்டம் ஊருக்கு ஒரு சட்டம் என்று பேச அவள் வாய் பழகவில்லை.

"சக்கரத்தை நானே மாத்தித் தரேன், நாளைக்கு வாங்க. இந்த ஒருதடவைதான்" என்று பெட்டிக்காரரை அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினாள். நேரே கணக்கர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அந்தப் பொண்ணு நான்தான்."

"தெரியும்க்கா. உள்ள வாங்க" என்றான் அவன்.

வருஷம் முடிந்ததும் எல்லாவற்றையும் எழுதினார்கள். வீடியோவுக்காக அவள் வாங்கிய விளக்கு, நூல், பழைய ஜிப்புகள் எல்லாம் செலவில் கழிந்தன. அப்படியும் வரி வந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பச்சைப் பொத்தானை அமுக்கி எடுத்துக் கட்டினாள். பாதிப் பணத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. இனி அந்த அறையைக் கனவில்தான் பார்க்க வேண்டும் என்று அவள் எழுந்தபோது, கணக்கர் வரிக் கணக்கின் நகலை நீட்டினான்.

"கையில இருக்கிறதைப் பேங்க்ல எண்ணிக் காட்டாதீங்க. இதைக் காட்டுங்க."

வீட்டுக்காரர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். பேங்க் அதிகாரி புதுக் கணக்கைப் புரட்டினார். இந்தமுறை உதடு பிதுங்கவில்லை. ஜிப்பு வருமானத்துக்குக் கீழே வீடியோ வருமானம் என்று ஒரு தொகை, மேலே இருப்பதைவிடத் தடியாக உட்கார்ந்திருந்தது. இதை ஏன் அம்மா போன தடவை சொல்லவில்லை என்று கேட்டார். அப்போது அது சும்மா நம்பராக இருந்தது சார் என்றாள் ஜிப்பு அக்கா. வரியில் போன பணத்தைவிட, கூடுதலாகக் கிடைத்த கடன் அதிகமாக இருந்தது. அறையை வாங்கிவிட்டாள்.

சாவிக்காரர் காலி செய்த அன்றே மெஷினை உருட்டிக்கொண்டு போனார்கள். நாத்தனார் முதல் ஆளாக வந்து, பணத்தை எடுக்கச் சொன்னதே நான்தானே என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜிப்பு அக்கா அதற்கும் தலையாட்டினாள், அவ்வளவு சந்தோஷம்.

ஒன்று மட்டும் மாறவில்லை. புது அறை வாசலுக்கு வந்ததும் இருபது வருஷப் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டே நுழைந்தாள். பின்னால் வந்த கணக்கர், வாசல் தாழ்வு போலிருக்கிறது என்று நினைத்துத் தானும் குனிந்தான். அவன் பின்னால் பெட்டிக்காரர், நாத்தனார், வீட்டுக்காரர், எல்லாரும் வரிசையாகக் குனிந்துகொண்டே உள்ளே போனார்கள்.

அறையின் நடுவில் நின்று முதலில் நிமிர்ந்தவள் ஜிப்பு அக்காதான். எங்கேயும் இடிக்கவில்லை.