இரங்கலுக்கு ஒரு சூப்பர் சார்

பிறந்த வீட்டில் அவளுக்கு நொட்டை என்று பெயர். எதைக் காட்டினாலும் அதில் ஒரு நொட்டை சொல்வாள் என்பதால் அண்ணன் வைத்த பெயர் அது. புதுச் சட்டையில் பிரிந்த தையல், பத்திரிகையில் எழுத்துப் பிழை, சுவரில் கோணலாக மாட்டிய படம் எல்லாம் அவள் கண்ணில்தான் முதலில் படும். ஒரு வங்கியின் புகார் பிரிவில் பல வருடம் போன் எடுத்து, இரண்டாவது குழந்தைக்குப் பிறகு வேலையை விட்டு, வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாம் என்று தேடியபோது, கடைசியில் அந்த நொட்டைதான் அவளுக்குச் சோறு போட்டது.

கம்பெனிகள் அவளைக் கூப்பிடும். எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தைப் பாருங்கள், இன்ஸ்டாகிராமைப் பாருங்கள், எங்கே தப்பு, என்ன செய்தால் வியாபாரம் கூடும் என்று சொல்லுங்கள் என்று கேட்கும். அவளும் உட்கார்ந்து ஒவ்வொரு பதிவாகப் பார்த்து எழுதித் தருவாள். படித்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். குறையைச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டவர்களே குறையைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளும் விசித்திரத்தை அவள் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தாள். போதாததற்கு நாத்தனார் வேறு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “அவ எப்பப் பாத்தாலும் போன்லதான் கெடக்கறா. கேட்டா வேலைங்கறா” என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஏணிக் கம்பெனி முதலாளி அவளைக் கூப்பிட்டபோது முதல் வார்த்தையே பெருமையாகத்தான் வந்தது.

“மேடம், நம்ம பேஜுல லைக் கொட்டுது. ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் நூத்துக்கணக்குல. ஆனா ஏணிதான் குடோனை விட்டு நகர மாட்டேங்குது. என்னன்னு பாத்துச் சொல்லுங்க.”

அலுமினிய ஏணிகள் செய்யும் நடுத்தரக் கம்பெனி அது. அவள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தாள். முதலாளி ரிப்பன் வெட்டுகிறார். முதலாளி கோப்பை வாங்குகிறார். முதலாளி மூக்குக் கண்ணாடி மாற்றியிருக்கிறார். ஒரு ஏணியை முழுசாகப் பார்க்க முடியவில்லை. தப்பித் தவறி ஏணி வந்த படத்திலும் அவருடைய தோள் பாதியை மறைத்திருந்தது.

கீழே கருத்துகள். ‘சூப்பர் சார்.’ ‘அருமை சார்.’ ‘கலக்கிட்டீங்க சார்.’ மறுபடி ‘சூப்பர் சார்.’ விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போனால் நடுவில் எங்கோ ஒருவர், ‘இது எத்தனை அடி?’ என்று கேட்டிருந்தார். பதில் இல்லை. இன்னொருவர், ‘கடை எங்கே இருக்கு?’ என்று கேட்டிருந்தார். அதற்கும் இல்லை. பெயின்டர் ஒருவர், ‘ஏணிக் கால் ரப்பர் கழண்டு வந்துடுது, கொஞ்சம் பாருங்க’ என்று எழுதியிருந்தார். அதற்கு நேர் கீழே யாரோ ஒரு புண்ணியவான் ‘சூப்பர் சார்’ போட்டிருந்தான்.

அவள் வாய்விட்டே சிரித்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் கீழே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. மாலை போட்ட ஒரு பெரியவர் படம். ‘எங்கள் முதலாளியின் சகலை இயற்கை எய்தினார். ஆழ்ந்த இரங்கல்.’ அதற்கும் நூற்றுக்கணக்கில் லைக். அதற்கும் அதே கூட்டம், அதே வரிசை.

மறுநாளே அவள் பட்டறைக்குப் போனாள். அந்த லைக்கெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று அங்கே கால் வைத்த கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. துளை போடும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவில் மேனேஜர் வந்து நின்று இரண்டு கையையும் தட்டினார். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் பையிலிருந்து போனை எடுத்தார்கள்.

“போஸ்ட் வந்தாச்சு. லைக்கு, கமென்ட்டு ரெண்டும் போடணும். லைக்க மட்டும் போட்டுட்டு நழுவற வேலை வேண்டாம்!”

கையில் கிரீஸ் அப்பியிருந்த ஒருவன் போனை மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்து மூக்கால் அமுக்கினான். கால் ரப்பர் மாட்டும் மேஜையில் இருந்த பெண்ணிடம் அவள் மெதுவாகக் கேட்டாள்.

“இன்னிக்கு என்ன போஸ்ட்டுங்க?”

“யாருக்குத் தெரியும் மேடம்? சார் படமாத்தான் இருக்கும். போன வாரம் சூப்பர்னு போட்டேன், அதனால இந்த வாரம் அருமைன்னு போடறேன்.”

மேனேஜர் முகத்தில் அவ்வளவு மலர்ச்சி. “எங்க ஸ்டாஃபுக்குள்ள ஒத்துமை ஜாஸ்தி மேடம்” என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

அடுத்த வாரம் முதலாளியின் அறையில் அவள் தன் அறிக்கையை வைத்தாள். பக்கத்துக்கு வருபவர்கள் யார், அவர்கள் என்ன கேட்கிறார்கள், ஏன் பதில் இல்லாமல் திரும்பிப் போகிறார்கள் என்று பொறுமையாக விளக்கினாள். முதலாளி கவனமாகத்தான் கேட்டார். முடித்ததும், “அதெல்லாம் சரி மேடம். பேக்ரவுண்டு கலரை மாத்தினா எடுப்பா இருக்குமா?” என்றார்.

“சார், கலர் பிரச்சனை இல்ல. உங்களுக்கு லைக் போடறது முழுக்க உங்க ஆளுங்கதான். வெளியாளு ஒருத்தரும் இல்ல.”

“பாசத்துல போடறாங்கம்மா. அதைப் போய்த் தப்புன்னு சொல்லலாமா?”

மேனேஜர் பின்னாலிருந்து ஒத்து ஊதினார். “தங்கமானவங்க சார் நம்ம பசங்க.”

எரிச்சல் அவளுக்கு மண்டைக்கு ஏறியது. எவ்வளவு நாசூக்காகச் சொல்ல முடியுமோ அவ்வளவும் சொல்லியாகிவிட்டது. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, சகலையின் இரங்கல் பதிவைத் திறந்து வைத்தாள்.

“சார், நீங்களே படிங்க. ஒண்ணு விடாம.”

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “சூப்பர் சார்… அருமை சார்… இன்னும் நெறைய சாதிக்கணும் சார்…” குரல் தேய்ந்தது. “கலக்கிட்டீங்க சாரா? அந்த மனுசன் செத்துப் போயிட்டான்யா! நான் என்னத்தக் கலக்கினேன்?”

மேனேஜர் சுவரைப் பார்த்தார். முதலாளி இதுவரை ஒரு கருத்தையும் படித்ததில்லை. கீழே இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிடுவார். அது ஏறியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

“ஒரு வாரம் யாரையும் லைக் போடச் சொல்லாதீங்க. அப்பறம் பேசலாம்” என்றாள் அவள். அவர் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

அந்த வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் நாள் பதிவுக்கு விழுந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய லைக்குகள். ஒன்று அவர் மனைவி, ஒன்று மச்சினி, ஒன்று கம்பெனிக்குக் காலண்டர் அச்சடித்துத் தரும் அச்சகக்காரர், ஒன்று மேனேஜர். ஏன் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, “கை தவறிப் பட்டுடுச்சு மேடம்” என்றார் மேனேஜர்.

அவள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் முதலாளி அழைத்தார். “மேடம், நாலே நாலு பேரு. யாருமே இல்லாத வீட்டுல நின்னு பேசற மாதிரி இருக்கும்மா.” அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. இத்தனை பேர் தன்னை மெச்சுகிறார்கள் என்று அந்த மனிதர் உண்மையிலேயே நம்பியிருக்கிறார். ஆனால் மறுநாள் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, சாயந்திரம் ஒருமுறை என்று அவர் அதையே வெவ்வேறு வார்த்தைகளில் சொல்லிக் கூப்பிட்டபோது அந்தப் பரிதாபமும் காற்றில் போனது.

“ஒரு ஏணிக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்?” என்றான் கணவன்.

“ஏணிக்கு டென்ஷன் இல்லீங்க. ஏணியைத் தவிர மத்த எல்லாத்தையும் பத்திப் பேசறாரே, அதுக்குத்தான்.”

சூப்பர் சார்கள் நின்றுபோனதால் பக்கம் மழை விட்ட தெரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை நாள் அடியில் அமுங்கிக் கிடந்தவை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. பெயின்டர் மறுபடியும் எழுதியிருந்தார். ‘ரப்பர் கழண்டு ஏணி வழுக்கி விழுந்துட்டேன். மணிக்கட்டு வீங்கியிருக்கு. எத்தனை தடவை சொல்றது?’ முதலாளிக்கு வேறு வேலை இல்லை. படித்தார். படித்ததோடு விட்டாரா? தானே பதிலும் எழுதினார். ‘எங்கள் ஏணியில் ரப்பர் கழலாது. உங்களுக்கு ஏறத் தெரியவில்லை.’

பெயின்டர் சும்மா இருப்பாரா? ‘மீசை முளைக்கறதுக்கு முன்னாடிலேருந்து ஏணில ஏறறேன். எனக்கே பாடமா?’ என்று எழுதி, கட்டுப் போட்ட கையைப் படம் எடுத்துப் போட்டார். எனக்கும் கழன்றது, என் தம்பிக்கும் கழன்றது என்று ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். முதலாளி ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொருவருக்கும் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்தார்.

பல் டாக்டரின் வரவேற்பறையில், மகள் உள்ளே வாயைத் திறந்து படுத்திருந்தபோதுதான் அவள் இதைப் பார்த்தாள். உடனே அழைத்தாள்.

“சார், தயவுசெஞ்சு போனைக் கீழ வைங்க.”

“ஏன் மேடம்? இப்பதான பேஜே களைகட்டியிருக்கு! எத்தனை பேரு வந்திருக்காங்க பாத்தீங்களா? அத்தனையும் வெளியாளுங்க. நீங்க சொன்னதுதான!”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், “ரொம்ப வலிக்குதாம்மா?” என்று விசாரித்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு ஹார்டுவேர் கடையில் நிறுத்தி, அந்தக் கம்பெனியின் ஏணி ஒன்றை வாங்கினாள். காருக்குள் அடங்காமல் அது ஜன்னல் வழியே நீட்டிக்கொண்டு வந்தது. மகள் வீங்கிய கன்னத்தோடு அதைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் அந்த ஏணியை அப்படியே முதலாளியின் அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தி, “இதைப் பிடிச்சு இழுங்க சார்” என்று கால் ரப்பரைக் காட்டினாள்.

அவர் இரண்டு விரலால் தொட்டு இழுத்தார். பேனா மூடி மாதிரி கையோடு வந்துவிட்டது. மறுகால் ரப்பரையும் இழுத்தார். அதுவும் வந்தது. இரண்டு ரப்பரையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இது உனக்குத் தெரியுமாய்யா?” என்று மேனேஜரைக் கேட்டார்.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். “பசை மாத்தினதுலேருந்து அப்பப்ப ஒண்ணு ரெண்டு வரும் சார். பேஜுல யாராச்சும் எழுதினா, பசங்கள இன்னும் கொஞ்சம் சூப்பர் சார் போடச் சொல்லுவேன். அது கீழ போயிடும். நீங்க பாத்து வருத்தப்படக் கூடாதுன்னுதான் சார்…”

அவளுக்கு இத்தனை நாள் புரியாத ஒன்று அப்போது விளங்கியது. மேனேஜர் முட்டாளே இல்லை. அந்தப் பக்கத்தைத் தனக்கு வேண்டிய வேலைக்கு மிகச் சரியாகத்தான் நடத்தியிருக்கிறார். அதை நினைத்ததும் கோபம் குறைவதற்குப் பதில் கூடியது.

முதலாளி கத்துவார் என்று அவளும் மேனேஜரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. “அந்த ஆளு கை எலும்பு உடைஞ்சிருந்தா என்னய்யா பண்ணியிருப்பே?” என்று மட்டும் கேட்டார். பிறகு போனை எடுத்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டி, பெயின்டருக்கு எழுதினார். தப்பு எங்களுடையதுதான், உங்களைப் பேசியது அதைவிடத் தப்பு, புது ஏணி நானே கொண்டுவருகிறேன், யாருக்கு ரப்பர் கழன்றாலும் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம் என்றிருந்தது. அவள் படித்துப் பார்த்தாள். முதல் தடவையாக நொட்டை சொல்ல அதில் எதுவும் இல்லை.

“அப்படியே போடுங்க சார். ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம். உங்க படம் மட்டும் வேண்டாம்.”

“சேச்சே, படமா? இப்பப் போயா?” என்றார்.

அன்று சாயந்திரமே படம் வந்துவிட்டது. பெயின்டர் வீட்டு வாசலில் முதலாளி நிற்கிறார், தோள் வழக்கம்போல் ஏணியில் பாதியை மறைத்திருக்கிறது, பெயின்டர் கட்டுப் போட்ட கையோடு ஓரமாகச் சிரிக்கிறார். அவள் போனை மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஆனால் அந்தப் படத்தை யார் யாரோ எடுத்து யார் யாருக்கோ அனுப்பினார்கள். ரப்பர் மாற்ற வந்தவர்களில் சிலர் பெரிய ஏணியாக ஒன்று வாங்கிக்கொண்டும் போனார்கள். கம்பெனியும் பழைய பசைக்கே திரும்பியது. குடோன் காலியாகவில்லை, ஆனால் மூச்சு விட இடம் கிடைத்தது. பட்டறையில் கை தட்டும் வழக்கமும் நின்றது. இதற்கெல்லாம் காரணம் அந்தப் படம்தான் என்று முதலாளி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அறிக்கையில் அவள் எழுதியிருந்த மற்றதெல்லாம் அவர் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. யார் என்ன கேட்டாலும் அன்றைக்கே பதில் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அந்த வேலையை முதலாளி மேனேஜரின் தலையிலேயே கட்டினார். மேனேஜரும் பதில் போடத்தான் செய்கிறார். பெண்கள் கேட்டாலும் ‘சார்’ என்கிறார், ஏணியின் நீளம் கேட்டால் எடையைச் சொல்கிறார். வாரத்துக்கு ஒருமுறை அவள் உட்கார்ந்து அவற்றைத் திருத்துகிறாள். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று கணவனிடம் சொல்கிறாள். முதலாளியோ அடுத்த வருடத்துக்கும் அவளையே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.