மதகைத் திறக்காத அண்ணி

என் அண்ணிக்கு ராக்கெட் ஏவுதளத்தில் வேலை என்றதும் கேட்பவர்களின் கண் விரியும். அங்கே என்ன வேலை என்று அடுத்த கேள்வி வரும். "தண்ணிக்குக் காவல்" என்பார் அண்ணி. விரிந்த கண் அப்படியே சுருங்கிவிடும்.

லேசான காவல் இல்லை அது. ராக்கெட் கிளம்பும்போது எழும் நெருப்பும் சத்தமும் ஏவுமேடையையே பிளந்துவிடும். அதைத் தணிக்கத் தண்ணீரை ஆறு போலக் கொட்டுவார்கள். பாதி ஆவியாகப் போய்விடும். மீதி, புகையின் அமிலத்தையும் ஏவுமேடையின் பூச்சிலிருந்து கரைந்த துத்தநாகத்தையும் சுமந்துகொண்டு பின்னாலிருக்கும் சிமென்ட் குளத்தில் விழும். குளத்துக்கு ஒரு மதகு. மதகைத் தாண்டினால் கால்வாய், அப்புறம் கழிமுகம், மீனவர்களின் வலை. சோதித்துப் பார்த்து, எல்லாம் அளவுக்குள் இருந்தால்தான் திறக்கலாம் என்பது சுற்றுச்சூழல் உரிமத்தின் நிபந்தனை. சோதனைக்கும் மதகுக்கும் அண்ணிதான் பொறுப்பு. வேதியியல் படித்தவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் சுருக்கென்று இருக்கும்.

பெரிய ராக்கெட் ஒன்று கிளம்ப வேண்டிய காலையில் குளம் விளிம்புவரை நிரம்பிக் கிடந்தது. முந்தின வாரம் எஞ்சினைச் சோதித்தபோது சேர்ந்த தண்ணீர். சுண்ணாம்பு போட்டதில் அமிலம் அடங்கியிருந்தது. துத்தநாகத்தைப் பிடிக்கிற வடிகட்டிதான் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டது. குளத்தைக் காலி செய்யாமல் ராக்கெட்டை விட்டால், எல்லாம் கரைபுரண்டு கழிமுகத்துக்குப் போய்விடும்.

ஏவுதளத் தலைவரின் அறையில் நடந்ததை, அண்ணியோடு வேலை பார்க்கும் பொறியாளர் பிறகு எங்களுக்கு ஒரு வரி விடாமல் சொன்னார்.

"மதகைத் திறந்துடுங்கம்மா. இவ்வளவு பெரிய கழிமுகத்துல கலந்தா ஒண்ணும் தெரியாது."

"கலந்துடும் சார். மீன் வயித்துலயும் கலந்துடும்."

"வெளியில எத்தனை பேர் வந்து உக்காந்திருக்காங்க தெரியுமா?"

"தெரியும் சார். எங்க மாமியாரும் அங்கதான் உக்காந்திருக்காங்க."

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். பிறகு போனை எடுத்தார். "நிறுத்துங்க. யார் சொன்னாங்கன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

பார்வையாளர் மேடையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். சொந்தபந்தம் அத்தனை பேரையும் ஒரு வேனில் அள்ளிக்கொண்டு வந்திருந்தார் அம்மா. கழிவுநீர்ப் பிரச்சினையால் ராக்கெட் இன்று கிளம்பாது என்று ஒலிபெருக்கி சொன்னதும், வந்தவர்களெல்லாம் அம்மா பக்கமே திரும்பினார்கள். பெரியம்மா வாய்விட்டே கேட்டுவிட்டார்: "உன் மருமக பாக்கிற வேலைதானே அது?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெடித்தார். "ஊரையே கூட்டிட்டுப் போய் மூக்கறுபட்டு வந்திருக்கேன். ஏம்மா, ஒரு நாளைக்குத் திறந்துவிட்டா என்ன குறைஞ்சிடும்?"

அண்ணி குழாயடியில் கையிலிருந்த சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். "இன்னைக்குத் திறந்தா நாளைக்கு மூடத் தோணாது அத்தை."

இரண்டு நாள் அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை.

டேங்கர் லாரிகள் வரிசையாக வந்து அந்தத் தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோயின. அடுத்த வாரம் ராக்கெட் கிளம்பியது. அம்மா போகவில்லை, மொட்டைமாடியில் நின்று பார்த்தார்.

சில மாதம் கழித்து உரிமத்தைப் புதுப்பிக்க ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் போட்டார்கள். நானும் அம்மாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். ஏவுதளம் என்றாலே எகிறுகிற மீனவர் சங்கத் தலைவர் எழுந்தார். முன்வரிசையில் இருந்த அண்ணியை நேராகக் காட்டினார்.

"இந்தம்மா எங்க ஆள் இல்ல. எங்களுக்காக ஒரு வார்த்தை பேசுனதும் இல்ல. ஆனா அன்னைக்கு மதகைத் திறக்கல. லைசென்ஸ் குடுக்கிறதுன்னா குடுங்க. ராக்கெட்டை நிறுத்துற அதிகாரம் இவங்க கையில இருக்கணும்னு அதுல எழுதிட்டுக் குடுங்க."

ஏவுதளத் தலைவர் தன் இடத்திலிருந்தே, "எங்களுக்குச் சம்மதம்" என்றார்.

அரங்கம் கை தட்டியது. அண்ணி தலை நிமிராமல் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார். அம்மா, பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்து, "என் மருமக" என்றார்.

புது உரிமத்தில் அந்த நிபந்தனை ஏறிவிட்டது. தண்ணீருக்குப் பொறுப்பாக இருப்பவர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், வேறு யாரையும் கேட்காமல் ராக்கெட் நிற்கும். இரண்டாவது குளமும் கட்டிவிட்டார்கள். வேறு ஏவுதளங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். போன மாதம் வந்த குழுவுக்கு அண்ணிதான் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிச் சுற்றிக் காட்டினார்; நானும் கூடப் போயிருந்தேன். இத்தனை பேச்சை என் அண்ணி எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.