வெறும் குப்பியில் வந்த விருந்தாளி

ஆராய்ச்சிக்கூடத்தின் லேசர் அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டில்தான் ஆராய்ச்சி மாணவியான அவளுடைய பிழைப்பு. கரைசலில் லேசர் பட்டதும் மூலக்கூறு உடைந்து, இதுவுமில்லாமல் அதுவுமில்லாமல் ஒன்று பிறக்கும். நாம் கண் சிமிட்டி முடிப்பதற்குள் அதற்கு லட்சம் தலைமுறை செத்துப்போகும். திரையில் ஒரு கோடு எழும்பிச் சரிவது மட்டும்தான் அது வந்துபோன அடையாளம். அதற்கு அவள் வைத்த பெயர் விருந்தாளி.

இதுவரை யாரும் பார்க்காத ஒரு விருந்தாளியைப் பல மாதமாகப் பிடித்து வந்தாள். அன்று சாயங்காலம் கட்டுரையை அனுப்ப வேண்டும். எழுதியவர்கள் வரிசையில் முதல் தடவையாக அவள் பெயர் முன்னால் வரப்போகிறது. ஒப்புக்கு ஒரு சோதனைதான் பாக்கி: ஆராயும் ரசாயனத்தை, அவர்கள் பேச்சில் மருந்தை, கலக்காத வெறும் திரவம். ஆரம்பத்தில் செய்தபோது கோடு அசையவே இல்லை.

இன்று எழும்பியது. அதே உயரம், அதே சரிவு.

குப்பியை மாற்றினாள், புது பாட்டிலைத் திறந்தாள். மறுபடியும் வந்தது. கருவி பழுதுபார்ப்பவனைக் கூப்பிட்டாள். 'ஃபியூஸ்' என்றால்தான் அங்கே எல்லோருக்கும் அவனைத் தெரியும்.

"நகருங்க மேடம், நான் போடுறேன்."

அவன் போட்டால் கோடு படுத்தே கிடந்தது. அவள் போட்டால் எழுந்தது.

"பேய்க்கு உங்களைத்தான் புடிச்சிருக்கு," என்று சிரித்தான். மறுபடியும் அவள் போட, மறுபடியும் எழுந்தது. அவன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"நீ என்ன வித்தியாசமா செஞ்சே?"

"ஒண்ணுமில்ல. குப்பிக்குள்ள வாயு விடுற ஊசியைத் துடைச்சேன், சொருகினேன்."

"எதால துடைச்சே?"

"காகிதத்தால. ஏன், நீங்க?"

அவள் தன் விரலைப் பார்த்தாள். கையுறையோடு பிடித்தால் ஊசி வழுக்கும் என்று வெறும் விரலால் வழித்துவிட்டுத்தான் எப்போதும் சொருகுவாள். விரலை முகர்ந்தாள். வெயில் கிரீம். அந்த ஆரம்பச் சோதனைக்குப் பிறகு, எதையும் வீணாக்காத நாத்தனார் தந்த, தேதி தாண்டிய ட்யூப். கிரீம் பழசானால் அதிலிருந்தே வேறொரு பொருள் பிரிந்துவரும். வெளிச்சம் பட்டால் அதுவும் விழித்துக்கொள்ளும்.

வெறும் திரவத்தில் துளி கிரீமைக் கரைத்து வைத்தாள். விருந்தாளி ஓடி வந்தான்.

சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினாள். புது ஊசி, காகிதம், கையுறை. இந்த முறை தன் சொந்த மருந்தையே கலந்து வைத்தாள். ஃபியூஸ் நாற்காலியை மறுபடியும் முன்னால் இழுத்துக்கொண்டான். கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

போன் அடித்தது. பேராசிரியர்.

"அனுப்பிட்டியாம்மா?"

"இல்ல சார். அனுப்ப வேண்டாம். மருந்துல ஒண்ணுமே இல்ல. என் கையில இருந்து போயிருக்கு."



"அப்போ இத்தனை மாசமா நாம உட்கார்ந்து பார்த்தது யாரைம்மா?"

திரையின் பச்சை வெளிச்சம் அவள் விரல்களில் விழுந்துகொண்டிருந்தது.

"என்னைத்தான் சார்."