பீரோ நடுவானில் நின்ற ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் வீட்டு இரும்பு பீரோ, ஸ்ரீரங்கத்தில் ஒரு தெருவுக்கு மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. தரையிலும் இல்லை, இரண்டாவது மாடியிலும் இல்லை... நடுவில்.

தில்லைநகரிலிருந்து வீடு மாறப்போகிறோம் என்று இந்தப் பக்கத்தில் நான் நாலு வாரமாகப் புலம்பியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மற்ற சாமான்கள் எல்லாம் ஒழுங்காகப் படியேறிவிட்டன. பீரோ மட்டும் படிக்கட்டுத் திருப்பத்தில் முரண்டு பிடித்தது. மொட்டை மாடியில் கப்பி மாட்டி, கீழேயிருந்து கயிற்றை இழுத்து, பால்கனி வழியாக உள்ளே விட்டுவிடலாம் என்று லோடுமேன்கள் முடிவு செய்தார்கள்.

அவர்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோதுதான் செல்வி வந்தாள். என் பள்ளித் தோழி. திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறாள். ஆமாம், கிரேன்தான்! ரோட்டில் போகிற வண்டி இல்லை. ஷெட்டுக்குள் கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடுமே, அது. நாற்பதடி ஏணி ஏறி, ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, இருபது டன் இரும்பைத் தூக்கி, தரையில் சாக்பீஸ் கோடு போட்ட இடத்தில் இறக்கி வைப்பாள். பன்னிரண்டு வருஷமாக இதுதான் அவள் வேலை.

கூடவே அவள் மாமியார் ராஜம்மாவும் வந்திருந்தார். கோயிலுக்குப் போன மாதிரியும் ஆச்சு, புது வீட்டைப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று. கையில் மைசூர்பாகு டப்பா. செல்விக்கு ப்ரமோஷனாம். இனிமேல் கிரேன் கிடையாது, ஸ்டோர்ஸ் ஆபீஸில் மேஜை, நாற்காலி, ஏ.சி! காலனியில் ஒரு வீடு விடாமல் ஸ்வீட் கொடுத்துவிட்டுத்தான் எனக்குக் கொண்டுவந்திருந்தார்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. செல்வி கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருப்பதாகத்தான் ராஜம்மா இத்தனை வருஷமாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லி வருகிறார். வீட்டு மருமகள் கிரேன் கொக்கியை ஆட்டுகிறாள் என்று கல்யாண வீட்டில் எப்படிச் சொல்வதாம்? சொன்ன பொய் தானாகவே உண்மையாகப் போகிறது என்றால், யாருக்குத்தான் மைசூர்பாகு கொடுக்கத் தோன்றாது?

செல்வி என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"எனக்கு அந்த வேலை வேணாம்டி. வேணுமா வேணாமான்னு நாளைக்கு எழுதிக் குடுக்கணும். அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல" என்றாள்.

ஏன் வேண்டாம் என்று கேட்டேன்.

"மேல ஏறிட்டா எட்டு மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேக்க முடியாது. போன் கிடையாது. அவ்வளவு பெரிய இரும்பு ட்ரம் ஒரு நூல் பிசகாம கோட்டுல போய் உக்காரும் பாரு... அந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலடி."

எனக்குப் புரிந்தது. இந்தப் பத்தியைக்கூட நான் கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் தட்டுவார். சர்க்கரை டப்பா எங்கே என்பார். கல்யாணமான நாளிலிருந்து அது ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

வேலைக்குப் போகிற பெண்ணிடம் நாம் என்ன கேட்கிறோம்? வீட்டையும் எப்படிம்மா சமாளிக்கிறே? பிள்ளைகளை யார் பார்த்துக்கறாங்க? களைப்பா இல்லையா? — இவ்வளவுதான். வேலை பிடிச்சிருக்கா என்று யாராவது கேட்டதுண்டா? நானே செல்வியிடம், மேலே போனால் தலை சுற்றாதா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் வெளியே ஒரே கூச்சல். ஓடினோம். பீரோ பாதி உயரத்தில் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் இடதுபக்கம் இழுக்கச் சொன்னார். கீழ்வீட்டு ரிட்டயர்டு ரயில்வேக்காரர் வலதுபக்கம் என்றார். பெருமாளைச் சேவிக்கப் புறப்பட்ட எதிர்வீட்டு மாமா, சித்த இறக்கிட்டு ஏத்துங்கோ என்றார். பாவம், லோடுமேன்கள் மூன்று பேர் பேச்சையும் கேட்டார்கள்.

படாரென்று பீரோ கதவு திறந்துகொண்டது. எல்லாவற்றையும் காலி செய்துவிட்டதாக எங்கள் வீட்டுக்காரர் சத்தியம் செய்திருந்தார். உள்ளேயிருந்து என் பழைய நைட்டி ஒன்று மெதுவாகப் பறந்து வந்து மாமாவின் தலையில் இறங்கியது. அவர் மறுபடியும் குளிக்க வீட்டுக்குள் போய்விட்டார்.

செல்வி தெரு நடுவில் போய் நின்றாள்.

"யாரும் பேசாதீங்க. சிக்னல் நான் மட்டும்தான் குடுப்பேன். நிறுத்துங்கன்னு மட்டும் யாரு வேணா சொல்லலாம். பீரோவுக்குக் கீழ ஒருத்தரும் நிக்கக்கூடாது."

அவர்கள் தொழிற்சாலையில் அதுதான் சட்டமாம். எங்கள் வீட்டுக்காரரை ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் அனுப்பினாள். கையை உயர்த்தி ஒரு விரலைச் சுழற்றினாள். லோடுமேன்கள் அந்த விரலையே பார்த்து இழுத்தார்கள். பீரோ சமர்த்தாக ஏறியது. தெருவே வாயை மூடிக்கொண்டு பார்த்தது.

பால்கனிக்கு இன்னும் ஒரு சாண்தான் இருந்தது. "நிறுத்துங்க" என்று ஒரு குரல்.

ராஜம்மா! செல்வி சட்டென்று விரலை மடக்கினாள். எல்லோரும் உறைந்துபோனோம். கயிறு அறுகிறதா? கரண்ட் கம்பியில் பட்டுவிட்டதா? ராஜம்மா நிதானமாக இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, அதற்குள்ளிருந்து செல்போனை எடுத்தார். போட்டோ எடுக்கணுமாம். கையை அப்படியே தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். நாலு எடுத்தார். இரண்டில் அவர் கட்டை விரல்தான் விழுந்தது என்று இன்னும் இரண்டு எடுத்தார்.

செல்விக்கு அப்போது எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ! தூக்கிய கையை இறக்காமலே சொன்னாள்.

"அத்தை, நான் ஆபீஸுக்குப் போகல. கிரேன்லயே இருந்துக்கறேன்."

கயிற்றைப் பிடித்திருந்த லோடுமேன் ஒருவர், குடும்ப விஷயத்தை பீரோவை ஏற்றிவிட்டுப் பேசிக்கொள்ளக் கூடாதா என்று கெஞ்சினார்.

ராஜம்மா மருமகளைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். முதலில் அதை ஏற்று என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சாப்பிட்டார், கோயிலுக்குப் போனார், பஸ் ஏறினார். திங்கட்கிழமை முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் போன் வந்தது. எழுதிக் கொடுத்துவிட்டாளாம், கிரேனேதான் என்று.

அத்தை என்ன சொன்னார் என்று கேட்டேன். செல்விக்குச் சிரிப்பில் பேச்சு வரவில்லை. மைசூர்பாகு தின்ற காலனிப் பெண்கள், ப்ரமோஷன் என்ன ஆச்சு என்று வாசலுக்கே வந்து விசாரித்தார்களாம். ராஜம்மா செல்போனை நீட்டி, அந்தப் போட்டோவைக் காட்டியிருக்கிறார்.

"மேஜையில யாரு வேணா உக்காரலாம். இதை யாரு செய்வா? அதான் நாங்க வேணாம்னு சொல்லிட்டோம்."

பன்னிரண்டு வருஷமாக ஏணி ஏறியவள் செல்வி... ப்ரமோஷனை உதறியவர் ராஜம்மா!