லேடாங் மலையின் பெயர்களும் என் மகளின் பெயரும்

சிகாமட் ரயில் நிலையத்திலிருந்து லேடாங் மலை ஏறப் போகிறவர்களை வேனில் கொண்டுபோய் விடுவது என் பிழைப்பு. வழியில் சாகில் ஊர்ப் பக்கம் வந்து மலை கண்ணில் பட்டதும் என் வாய் ஓயாது. ஜொகூர் மாநிலத்திலேயே இதைவிட உயரமான மலை கிடையாது. லேடாங் என்றால் உயரமானது என்று சொல்கிறார்கள். சீனக் கப்பல்காரர்கள் பொன்மலை என்றார்களாம். வெள்ளைக்காரன் தன் பங்குக்கு வரைபடத்தில் ஓப்பீர் என்று போட்டுவிட்டுப் போனான். அதுவும் எங்கேயோ பொன் கிடைத்த ஊரின் பெயர்தான். இத்தனை பேர் தங்கம் தங்கம் என்று வாயைப் பிளந்த மலையிலிருந்து எங்கள் ரப்பர் தோட்டத்துச் சனங்களுக்குக் கிடைத்தது மழை மட்டும்தான் என்று முடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

"மலைக்குப் பேரு சொல்லியே காலத்த ஓட்டிருவீங்க போல," என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் அவள் உண்டானாள். பெண் குழந்தை என்று ஸ்கேனில் தெரிந்த அன்றே நான் பெயர் தேட ஆரம்பித்துவிட்டேன். அவள் அடக்கினாள். பிறப்பதற்கு முன்னால் பெயர் பேசக்கூடாது, துணி வாங்கக்கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம்.

"மொதல்ல நல்லபடியா வரட்டும்ங்க. அப்புறம் உங்க ஆசைக்குப் பத்துப் பேரு வைங்க."

நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பதாம் மாதம் வயிற்றில் அசைவு நின்றுபோனது. மகள் அழாமலே பிறந்தாள். தலை நிறைய முடி. மூக்கு அப்படியே அவள் அம்மாவுடையது.

மனைவி மருத்துவமனையில் கிடக்க, நான்தான் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு இடுகாட்டுக்குப் போனேன். மலைக்குப் போகும் சாலையோரத்திலேயே அது இருக்கிறது. குழி வெட்டியவர் ஒரு சின்னப் பலகையையும் பெயிண்ட்டையும் எடுத்து வந்து, "பாப்பா பேரு என்ன போடணும் தம்பி?" என்று கேட்டார். மூச்சுவிடாமல் பெயர் சொல்கிற எனக்குச் சொல்ல ஒரு பெயர் இல்லை. 'மகள்' என்று மட்டும் போடச் சொன்னேன். வந்தவன் போனவன் எல்லாம் அந்த மலைக்குப் பெயர் வைத்திருக்கிறான், என் பிள்ளைக்கு ஒன்றுகூட இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அந்த வழக்கத்தின் மேலும், எதிரே நின்ற மலையின் மேலும்.

மனைவி வீடு திரும்பியதும் பலகையைப் பற்றிச் சொன்னேன்.

"உங்க வாயத்தாங்க கட்டிப் போட்டேன். என்னால முடியல. நீங்க வேலைக்குப் போனப்புறம் வயித்தத் தடவி ஒரு பேரச் சொல்லிக் கூப்பிடுவேன். கூப்பிட்டா உதைப்பா. அன்னைக்கும் கூப்பிட்டேன். உதைக்கல."

அந்தப் பெயரைச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன்.

இப்போது பலகையில் அந்தப் பெயர் இருக்கிறது. நானே எழுதினேன். இடுகாட்டைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கி, அதை ஒருமுறை எனக்குள் சொல்லிக்கொள்வேன். போன வாரம் மலைக் கதைக்கு நடுவே கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பின் சீட்டில் இருந்த, ஜொகூர் பாருவிலிருந்து வந்த பெண் கேட்டாள்:

"அதுவும் இந்த மலையோட பேரா அண்ணே?"

"ஆமாம்மா," என்றேன்.

அவள் ஜன்னல் வழியே மலையைப் பார்த்து அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். என்னையும் என் மனைவியையும் தவிர வேறொருவர் வாயில் என் மகளின் பெயரைக் கேட்டது அன்றுதான்.